பிரிவு உபசாரமா, பழைய பாத்திர வியாபாரமா?

முதல்ல டிஸ்கி. 2007-ல் வந்த ஒரு வீடியோ கேமோட முக்கியமான முடிச்சை நடுவுல ஒரு பத்தியில அவிழ்த்திருக்கேன். இன்னும் தெரியாம விளையாடணும்னு நினைக்கிறவங்க அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுங்க. இன்னொண்ணு, இது கொஞ்சம் சூடாவே எழுதினது. தங்கமணி படிச்சுட்டு "ஒரு வெளையாட்டுச் சாமானுக்கா இந்தக் கத்து கத்துறீங்க?"ன்னு கேட்டாச்சு. ஆமா, அதுக்குத்தான்.

விஷயம் எட்ரியன் ஒடிசி நெக்சஸ். நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு அட்லஸ் கம்பெனி போட்ட கேம். ஜப்பான்ல 2018 ஆகஸ்ட், வெளிநாடுகள்ல 2019 பிப்ரவரி. 2007-ல் நிண்டெண்டோ டிஎஸ்ல ஆரம்பிச்ச வரிசைக்கு அந்த ரெண்டு திரை மெஷின்கள்ல இதுதான் கடைசிப் பாகம். வந்த புதுசுல ஒரு தடவை முடிச்சேன். இந்த வருஷ மழைக்காலத்துல, புனே மழை தெரியுமில்ல, வெளிய தலை காட்ட முடியாத சனி ஞாயிறா பார்த்து மறுபடியும் உட்கார்ந்தேன். 90 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முதல் தடவை சந்தேகமா இருந்தது இப்ப சந்தேகமில்லாம தெரியுது. பிரிவு உபசார விழான்னு பந்தல் போட்டு, உள்ள பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசி வித்திருக்காங்க.

வந்த நேரத்துல விமர்சனம் எழுதின பல பேர் இதை ரசிகர்களுக்குக் கொடுத்த அன்புப் பரிசுங்கற தொனியிலதான் எழுதினாங்க. எனக்கு அங்கதான் பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்லணும்னா இந்த வரிசை என்னன்னு முதல்ல சொல்லணும். கேம் பக்கமே போகாதவங்களும் படிக்கறீங்கன்னு தெரியும், கொஞ்சம் பொறுங்க.

ஜப்பான்ல இதுக்குப் பேர் செகைஜு நோ மெய்க்யூ. உலக மரத்தின் புதிர்வழின்னு வச்சுக்கலாம். ஒரு ஊர், ஊருக்குப் பக்கத்துல ஒரு பிரம்மாண்டமான மரம், அதுக்கடியில தளம் தளமா இறங்கற ஒரு காடு. நீங்க அஞ்சு பேர் கொண்ட ஒரு கோஷ்டியைச் சேர்த்துக்கிட்டு உள்ள போகணும். மேல் திரையில காடு, உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. கீழ் திரையில கட்டம் போட்ட வெத்துத் தாள். அவ்வளவுதான். வரைபடம் நீங்கதான் வரையணும். சுவர் இருந்தா கோடு இழுக்கணும், கதவு இருந்தா கதவுக் குறி, புதையல் பெட்டிக்கு ஒண்ணு, குறுக்கு வழிக்கு ஒண்ணு. முதல் பாகத்துல உங்களுக்குக் கிடைக்கற முதல் வேலையே, முதல் தளத்துல ஒரு பகுதியை வரைஞ்சு காட்டுங்கறதுதான். வரைஞ்சு காட்டற வரைக்கும் காவலாளி மேல போக விடமாட்டான்.

அலங்காரத்துக்காக வரையச் சொல்றாங்கன்னு நினைச்சுடாதீங்க. உள்ள எஃப்ஓஇன்னு சில மிருகங்கள் உலாத்தும். நீங்க ஒரு அடி வச்சா அதுவும் ஒரு அடி வைக்கும். ஆரம்பத்துல அது கையில சிக்கினா அஞ்சு பேரும் காலி. அதனால அது எந்தப் பாதையில சுத்துது, எந்த மூலையில ஒதுங்கி நின்னா அது தாண்டிப் போகும்னு படத்தைப் பார்த்துக் கணக்குப் போடணும். ஒரு கோட்டைத் தப்பா போட்டிருந்தீங்கன்னா செத்தீங்க. நம்ம கைப்பிழைக்கு நம்ம உயிரு. ஒரு கேம்ல இதைவிட நியாயமான தண்டனையை நான் பார்த்ததில்லை.

இப்ப என் கதை கொஞ்சம். 2007 ஜூன்ல புனே வந்தேன். ஹிஞ்சவடியில வேலை, ஔந்த்ல மூணு பேரோட ஒரு ஃபிளாட். ஹிந்தி சுத்தம். பஸ் நம்பர்கூட தேவநாகரி எண்ல எழுதியிருக்கும். ஒன்பதும் ஆறும் எதுன்னு புரியாம சிவாஜிநகர்ல முழிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். அப்ப ஃபோன்ல வழி பார்க்கற சமாச்சாரமெல்லாம் நம்ம கைக்கு வரலை. அதனால ஒரு கிராஃப் நோட்டு வாங்கி, ரூம்லேர்ந்து ஆபீஸ், மெஸ், ரேஷனுக்குக் கெரோசின் தர்ற கடை, ராஸ்தா பேட்டையில நம்ம ஊர் அப்பளம் கிடைக்கற கடை எல்லாம் நானே வரைஞ்சு வச்சுக்கிட்டேன். "பாலம் தாண்டி இடது, நாய் இருக்கு" அப்படின்னெல்லாம் குறிப்பு இருக்கும். அந்த வருஷக் கடைசியில ஆன்சைட் போயிட்டு வந்த ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஒரு டிஎஸ்ஸும் ரெண்டு கேசட்டும் கொண்டுவந்தார். (கார்ட்ரிட்ஜ்னு சொல்லணுமாம். ஊதிப் போட்டு வளர்ந்த கூட்டம் நாங்க, கேசட்தான்.) அதுல ஒண்ணு எட்ரியன் ஒடிசி. பகல்ல நோட்டுல புனே, ராத்திரி திரையில எட்ரியா. எனக்கு இந்த கேம் ஏன் ஒட்டிக்கிச்சுன்னு வேற விளக்கம் வேணாம்னு நினைக்கிறேன்.

இந்தப் பத்திதான் முடிச்சு அவிழ்க்கறது. இருபது தளம் இறங்கறீங்க. பச்சைக் காடு, ஈரக் காடு, பாலை மாதிரி காய்ஞ்ச இடம்னு ஒவ்வொண்ணா வரைஞ்சுட்டே போறீங்க. ஏதோ மாயாஜாலக் கதைன்னுதான் நினைப்பு. இருபத்தியோராவது தளத்துல இறங்கினா முன்னாடி நிக்கறது இடிஞ்ச அடுக்குமாடிக் கட்டிடங்கள். டோக்கியோவோட ஷின்ஜுகு. நாம வரைஞ்சுட்டு வந்த காடு முழுக்க நம்ம காலத்து ஊர் ஒண்ணு செத்து, அதுக்கு மேல முளைச்சது. யாரும் வசனம் பேசி விளக்கறதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரிஞ்சுடுது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கீழ் திரையில கட்டத்தாள் வெள்ளையா இருக்கு, மேல் திரையில ஒரு நகரத்தோட எலும்பு. எனக்குக் கை ஓடலை. 

அந்த வெள்ளைத் தாளை நம்பி வாழ்ந்த வரிசை இது. 2008-ல் ரெண்டு, 2010-ல் மூணு, 2012-ல் 3டிஎஸ்ஸுக்கு மாறி நாலு, 2016-ல் அஞ்சு. நடுவுல அன்டோல்டுன்னு பழசையே கதையோட சேர்த்துப் புதுப்பிச்ச ரெண்டு. எல்லாமே ஒரே தரம்னு சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு புது ஊர், ஒரு புது மரம், தெரியாத ஒரு கீழ்த்தளம் இருந்தது.

நெக்சஸுக்கு வருவோம். மஜினியான்னு ஒரு பறக்கும் நகரம். பெர்செபோன்னு ஒரு இளவரசி. லெமூரியாங்கற தீவுல உலக மரத்துப் புதையல் இருக்குன்னு ஊரு உலகத்துல இருக்கற சாகசக்காரர்களையெல்லாம் கூப்பிடறா. (லெமூரியான்னதும் நம்மாளுங்க குமரிக்கண்டம்னு கிளம்பிடாதீங்க, அதுக்கும் இதுக்கும் ஸ்நானப்பிராப்திகூட கிடையாது.) தீவுல பத்துக்கு மேல புதிர்வழிகள். போய்ப் பார்த்தா பெரும்பாலானது பழைய பாகங்கள்ல பார்த்த காடுகள். அதே நிறம், அதே வகைப் பொறி, பழைய பாகத்துப் பெரிய அரக்கர்கள் அதே சிம்மாசனத்துல. வழிகளை மட்டும் புதுசா போட்டிருக்காங்க. ஒப்புக்கறேன், கோடு இழுக்கற வேலை இருக்கு. ஆனா மூலை திரும்பினா என்ன வகைக் குழி இருக்கும்னு எனக்கு முன்னாலயே தெரியும். ஏன்னா நான் பத்து வருஷம் முன்னாடியே அதுல விழுந்திருக்கேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் லீவுல ஊருக்குப் போறோமில்ல? சித்தப்பா வீட்டுல அரை மணி, அத்தை வீட்டுல அரை மணி, பெரியப்பா சம்பந்தி வீட்டுல ஒரு காபி. எல்லா வீட்டுலயும் அதே கேள்வி, அதே மிக்சர். பதினோராம் நாள் ரயில்ல உட்கார்ந்தா யாரையுமே சரியாப் பார்க்கலைங்கற உணர்வுதான் மிஞ்சும். நெக்சஸ் அந்தப் பத்து நாள் லீவு. ஒவ்வொரு காட்டுலயும் கொஞ்ச தளம், ஒரு அரக்கன், வணக்கம், அடுத்த வீடு. கேம் நீளம் மட்டும் குறைவில்லை. நடுவுல ஒரு முப்பது மணி நேரம் கடமைக்குத்தான் போகுது.

நல்லதைச் சொல்லாம விட்டா பாவம். சண்டை அமைப்பு இந்த வரிசையிலேயே ரொம்பத் தேறினது இதுலதான். 19 வகை வீரர்கள், அதுல 18 பழைய பாகங்கள்லேர்ந்து, ஹீரோங்கறது மட்டும் புதுசு. ஒருத்தருக்கே ரெண்டு தொழில் கொடுத்து நீங்க பண்ற கூட்டுக் கணக்கு இருக்கே, அதுக்காகவே ராத்திரி கண் முழிக்கலாம். இசை யூசோ கோஷிரோ. முதல் பாகத்துக்கு 1980-கள்ல இருந்த பிசி-88 கம்ப்யூட்டர் ஒலியை வச்சு மெட்டுப் போட்ட மனுஷன். இதுலயும் குறை வைக்கலை. வேலை செஞ்சவங்க மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பழைய காடுன்னாலும் ஒவ்வொரு தளத்தையும் யாரோ உட்கார்ந்து அடி அடியா யோசிச்சிருக்காங்கன்னு வரையறப்பவே தெரியும்.

"கடைசிப் பாகம்னா பழைய நினைப்பு இருக்கத்தானே செய்யும்?"னு கேப்பீங்க. வேற கேம்னா சரி. பழைய பாட்டு, பழைய முகம், ஒரு சொட்டுக் கண்ணீர், முடிஞ்சது. ஆனா தெரியாத இடத்தைத் தெரிஞ்ச இடமா மாத்தறதுதான் இந்த கேமோட ஒரே வேலை. அதோட கடைசிப் பாகத்துல தெரிஞ்ச இடத்தையே மறுபடி வரையச் சொன்னா அது இம்போசிஷன். ரசிகனுக்கு எது பிடிக்கும்னு உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, எண்ணினதையெல்லாம் திருப்பிக் கொடுத்திருக்காங்க. எங்களுக்குப் பிடிச்சது அந்த வெள்ளைத் தாள். அதை மட்டும் எண்ண முடியலை போல.

இது பாதிக் கோபம்தான். மீதி இதைவிடப் பெரிசு.

3டிஎஸ் மெஷினை 2020 செப்டம்பர்ல நிறுத்தினாங்க. சரி, 2011-ல் வந்த மெஷின், ஆயுசு முடிஞ்சது. 2023 மார்ச் 27-ல் அதோட ஈஷாப்பை மூடினாங்க. அன்னியோட புதுசா எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. 2024 ஏப்ரல் 8-ல் ஆன்லைன் சேவையும் போச்சு. நெக்சஸ் வெளிநாட்டுல வெளியானது 2019 பிப்ரவரின்னு சொன்னேன். கடைக்கும் கேமுக்கும் நடுவுல நாலு வருஷம்! கூடுதல் படங்கள், கூடுதல் வேலைகள்னு தனியா காசுக்கு வித்ததும் அதோட சரி. இனிமே வேணும்னா யாராவது வித்துட்டுப் போன பழைய கேசட்தான். அந்தக் காசு அட்லஸுக்கும் போகாது, உழைச்சவங்களுக்கும் போகாது.

நம்மள மாதிரி இந்தியாவுல இருக்கறவங்களுக்கு இன்னொரு கொடுமை. 3டிஎஸ் மெஷின் நாட்டுக்கு நாடு பூட்டுப் போட்டது. அமெரிக்க மெஷின்ல ஜப்பான் கேசட் ஓடாது, ஐரோப்பாவோடதும் ஓடாது. இந்தியாவுக்குன்னு தனி ஈஷாப்பும் இருந்ததில்லை. அதனால மச்சான் எந்த நாட்டுல இருக்காரோ அந்த நாட்டு மெஷின், அந்த நாட்டு கேசட், அவர் எப்ப வர்றாரோ அப்ப. காசு கொடுத்து ஒழுங்கா வாங்கணும்னு நினைச்சவன்தான் இதுல அலைஞ்சான்.

"ரெண்டு திரை மெஷினே போயிடுச்சு, ஒரு திரையில எப்படிக் கொண்டுவர முடியும்?"னு ஒரு சமாதானம் சொல்வாங்க. நான் வாயைத் திறக்க வேணாம், அட்லஸே பதில் சொல்லிடுச்சு. 2023 ஜூன்ல முதல் மூணு பாகத்தையும் புதுப்பிச்சு ஸ்விட்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் வெளியிட்டாங்க. ஒரே திரையில காடு ஒரு பக்கம், வரைபடம் ஒரு பக்கம். பிரமாதமா ஓடுது. விலை தனித்தனியா 40 டாலர், மூணும் சேர்த்து 80 டாலர். பாலிஷ் போட்ட டிஎஸ் கேமுக்கு இது கொள்ளைன்னு தோணினாலும் முணுமுணுத்துட்டு வாங்கினேன். ஆக, முடியும். ஆனா அந்தத் தொகுப்புல மூணாம் பாகத்தோட நின்னுட்டாங்க. நாலு இல்லை, அஞ்சு இல்லை, நெக்சஸ் இல்லை. பழைய பாகங்கள்லேர்ந்து எல்லாரையும் கூட்டிவந்து கொண்டாடின அந்தப் பாகமே வெளிய நிக்குது, பார்த்துக்கங்க.

வீடியோ கேம் வரலாறு அறக்கட்டளைன்னு அமெரிக்காவுல ஒரு அமைப்பு இருக்கு. 2023 ஜூலையில ஒரு ஆய்வு போட்டாங்க. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வெளியான கேம்கள்ல 87 சதவீதத்தை இப்போ முறையா கடையில வாங்க முடியாதாம். புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. இந்தியாவுல அச்சான புத்தகத்துல ஒரு பிரதி சென்னை கன்னிமாராவுக்குப் போயாகணும்னு 1954-லேயே சட்டம் போட்டுட்டாங்க. யாரும் படிக்காத புத்தகமும் அங்க ஒரு அலமாரியில இருக்கும். தொண்ணூறு மணி நேரம் ஒருத்தன் வாழ்ந்த இடத்துக்கு நம்ம நாட்டுல அப்படி ஓர் அலமாரி கிடையாது.

அப்ப திருட்டுப் பிரதி எடுத்துக்கலாமான்னு கேட்டா, நான் தர்மசங்கடத்துல நெளியறேன். என் பொழப்பே சாஃப்ட்வேர் லைசன்ஸ்ல ஓடுது. வாங்க வழியிருந்தும் திருடறவனை நான் திட்டியிருக்கேன், இனியும் திட்டுவேன். ஆனா கதவைப் பூட்டி, சாவியைக் கிணத்துல போட்டுட்டு, உள்ள எட்டிப் பார்த்தவனைத் திருடன்னு சொல்ற யோக்கியதை பூட்டினவனுக்கு இல்லை. நான் கேக்கறது இலவசமா ஒண்ணும் இல்லை. விக்கறதா இருந்தா வித்துத் தொலைங்க. விக்க மாட்டீங்கன்னா எதாவது ஒரு பொது நூலகத்துக்கிட்ட முழு உரிமையோட ஒப்படைச்சுடுங்க. ரெண்டும் பண்ணாம ரசிகர் மேல அன்புன்னு மட்டும் பேசாதீங்க. "வியாபாரம்ப்பா இது"ன்னு சொல்றவங்களுக்கும் அதே பதில்தான். வியாபாரம்னா வியாபாரம்னே சொல்லட்டும், பிரியாவிடைப் பந்தல் எதுக்கு?

இவ்வளவும் போன மாசம் வரைக்கும் மனசுக்குள்ள புகைஞ்சுட்டுதான் இருந்தது. எழுத உட்கார வச்சது என் பொண்ணு. பன்னெண்டு வயசு. நான் மழையில நெக்சஸ் விளையாடறதைத் தோளுக்கு மேலேர்ந்து பார்த்துட்டே இருந்தவ, "அப்பா, இதுல எல்லாரும் யாரையோ ஞாபகம் வச்சுப் பேசிக்கறாங்க, எனக்கு ஒண்ணும் புரியலை"ன்னா. விமர்சகர்கள் ஒருத்தரும் சொல்லாததை ஒரே வரியில சொல்லிட்டா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். புதுப்பிச்ச தொகுப்பைக் காட்டினேன். வேணாம், குச்சி வச்சு வரையற அந்தப் பழைய மெஷின்லதான் வேணுமாம். அதுவும் என் பொண்ணுதானே.

பழைய டிஎஸ்ஸைத் தேடி எடுத்தேன். பேட்டரி ஊதிப் போயிருந்தது, மாத்தினதும் ஓடுச்சு. கேசட்டைப் போட்டேன். அங்கதான் சிக்கல். முதல் பாகத்துல சேமிக்க ஒரே ஒரு இடம்தான். அவ புதுசா ஆரம்பிச்சா என்னோடது அழிஞ்சுடும். உள்ள 2007-2008 ராத்திரிகள் இருக்கு. 30 தளம். நான் கையால இழுத்த கோடுகள், ஷின்ஜுகு உட்பட. என் கோஷ்டிக்கு வச்ச பேர் எல்லாம் அந்த ஃபிளாட்ல கூட இருந்தவங்க பேர். அதுல ஒருத்தர் இப்போ உயிரோட இல்லை. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்ன அன்னிக்கு ராத்திரி நான் பதினாலாவது தளத்துல இருந்தேன்னு அந்தப் படத்தைப் பார்த்தா எனக்கு ஞாபகம் வருது. இன்னொரு கேசட் வாங்கலாம்னு பார்த்தா, கேக்கற விலையில ஊருக்கு ரெண்டு பேர் ரயில்ல போயிட்டு வந்துடலாம்.

"பரவாயில்லப்பா, நான் வேற கேம் ஆடறேன்"னு பெரிய மனுஷி மாதிரி சொன்னா. அது இன்னும் கஷ்டமாப் போச்சு.

தங்கமணிதான் வழி சொன்னா. "ஒரு கிராஃப் நோட்டு வாங்குங்க, பார்த்து எழுதிக்குங்க, அப்புறம் அழிங்க"ன்னா. ஃபோன்ல படம் பிடிச்சா ஒரு மணி நேர வேலைதான், தெரியும். ஆனா நோட்டுன்னு சொன்னதும் அதுதான் சரின்னு பட்டுது. ராத்திரி சாப்பிட்டதும் ஒரு தளம்னு கணக்கு. அவ டிஎஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டு "கிழக்கால சுவர், ரெண்டு கட்டம் தள்ளிக் கதவு"ன்னு சொல்வா, நான் ஸ்கேல் வச்சுக் கோடு போடுவேன். முடிச்சு தெரிஞ்சுடக்கூடாதுன்னு இருபத்தியொண்ணுலேர்ந்து நான் தனியா வரையறதா ஒப்பந்தம். நேத்து பதினேழாவது தளம். ஒரு குறுக்கு வழிக் குறியை நான் விட்டுட்டேன்னு அவதான் கண்டுபிடிச்சா. இன்னும் பதிமூணு இருக்கு.